கடப்பாக்கல்லா, மாடுலர் கிச்சனா? உங்க மாமியார் சொல்றதுல பாதி சரி

லால்குடி பக்கத்துலேருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. நீளமான கடிதம், சுருக்கி சொல்லிடறேன். சொந்த வீடு கட்டிட்டு இருக்காங்க, பூச்சு வேலை முடியப் போகுது. கிச்சன் பத்துக்கு எட்டு. வீட்ல மாமியார், கணவர், ரெண்டு பசங்க, இவங்க வேலைக்குப் போறவங்க. மேடை, சிங்க் எல்லாம் சேர்த்து கையில இருக்கறது ரெண்டு லட்சம். கணவர் ஒரு ஷோரூம்ல 4,20,000க்கு கொட்டேஷன் வாங்கிட்டு வந்திருக்கார். இன்னொரு கம்பெனிக்காரங்க சதுர அடி 1,350ன்னு சொல்லியிருக்காங்க. ஊர்ல இருக்கற ஆசாரி "சாமான் நீங்க வாங்கிக் குடுங்க, எனக்கு கூலி மட்டும் போதும்"ங்கறார். மாமியார் மட்டும் "கடப்பாக்கல் வச்சு மேடை கட்டினா ஆயுசுக்கும் கெடக்கும், இந்த அட்டைப்பெட்டி எல்லாம் எதுக்கு"ன்னு ஒரே பிடியா நிக்கறாங்களாம். "சார், கம்மி பட்ஜெட்ல தரமா எதை எடுக்கறது, நாலு பேரு நாலு மாதிரி சொல்றதுல தலை சுத்துது, எங்க கிச்சன் ரொம்ப சின்னதோன்னு வேற பயமா இருக்கு"ன்னு முடிச்சிருக்காங்க.

வணக்கம்மா. முதல்ல அந்த கடைசி பயத்தை எடுத்துடறேன். பத்துக்கு எட்டு சின்ன கிச்சன் இல்ல. இன்னைக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றோமே, அதோட பாட்டி மாதிரி ஒண்ணு 1926ல ஜெர்மனில ஃபிராங்க்பர்ட் நகரத்துல வந்துச்சு, மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கின்னு ஒரு பெண் ஆர்க்கிடெக்ட் வரைஞ்சது, கிட்டத்தட்ட பத்தாயிரம் வீட்டுக்கு அதே டிசைன்ல போட்டாங்க, அதோட அளவே சுமார் ஆறேகால் அடிக்கு பதினோரு அடி தான். உங்களோடது அதைவிட பத்து சதுர அடி கூட. அவங்க வீட்ல கிரைண்டரும் இட்லிப் பானையும் கிடையாதுங்கறது வேற விஷயம், ஆனாலும் இடம் பத்தாதுன்னு கவலைப்பட வேணாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்க மாமியார் சொல்றதுல பாதி சரி, உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரி, ரெண்டு பாதியையும் சேர்த்தா உங்க ரெண்டு லட்சத்துக்குள்ள வந்துடும். நான் 22 வருஷமா மதுரைல இந்த வேலை பாக்கறேன், எங்கப்பாவும் ஆசாரி தான், கெட்டுப்போன கிச்சனை கழட்டறதுக்கு போன வீடுகள்ல நான் பாத்தது எல்லாம் ரெண்டே விஷயம் தான். ஒண்ணு தண்ணி பட்ட இடம், இன்னொண்ணு ஆடற இடம். சிங்க் கீழ பலகை உப்பிப் போயிருக்கும், இல்லன்னா ஹிஞ்ச் தளர்ந்து கதவு தொங்கும், டிராயர் சேனல், அதாவது டிராயர் ஓடற தண்டவாளம், கிரீச்னு கத்தும். பெட்டி நடுவுல சும்மா நின்னுட்டு இருக்கற பலகை கெட்டுப் போய் நான் பாத்தது ரொம்ப கம்மி. ஆனா கொட்டேஷன்ல காசு எங்க போகுதுன்னு பாருங்க, பளபளன்னு தெரியற கதவு ஃபினிஷ்க்கும் மூலைல சுத்தற கம்பிக்கும் தான் பாதி. அதனால ஒரே ஒரு கணக்கு வச்சுக்கங்க: நனையறதுக்கும் நகர்றதுக்கும் காசு போடுங்க, கண்ணுக்கு தெரியறதுல கையை இறுக்குங்க.

அந்த 4,20,000 கொட்டேஷன் போட்டோவை பாத்தேன். அதுல கேரகஸ், அதாவது உள் பெட்டி, "இன்ஜினியர்டு வுட்"னு போட்டிருக்கு. அது ஒரு மரத்தோட பேரு இல்லம்மா. மரத்தூளை ஒட்டி செஞ்ச பார்ட்டிகிள் போர்டும் அதுதான், மரநாரை அழுத்தி செஞ்ச எம்டிஎஃப்பும் அதுதான், ப்ளைவுட்டும் அதுதான். எதுன்னு சொல்ல விருப்பம் இல்லாதப்ப போடற வார்த்தை அது. "உள் பெட்டி எந்த பலகை, எத்தனை எம்எம், எந்த கிரேடு"ன்னு எழுதி கேளுங்க. பல இடத்துல கதவு மட்டும் மெரைன் ப்ளை, பெட்டி பார்ட்டிகிள் போர்டா இருக்கும், விக்கறவர் "எல்லாம் மெரைன் தான் சார்"னு வாயால சொல்லிடுவார். பார்ட்டிகிள் போர்டு பெட்ரூம் வாட்ரோபுக்கு பரவாயில்ல, சிங்க் பக்கத்துல அது பிஸ்கட் டீல நனைஞ்ச கதை.

சதுர அடி 1,350 கொட்டேஷன்காரங்க கிட்டயும் ஒரு கேள்வி இருக்கு. எந்த சதுர அடி? நேரா நின்னு பாத்தா தெரியற முன்பக்க அளவா, இல்ல பெட்டிக்குள்ள போற பலகை எல்லாத்தையும் கூட்டின அளவா? முன்பக்க அளவுன்னே வச்சுப்போம். உங்களுக்கு எல் ஷேப், பத்தடி சுவரும் எட்டடி சுவரும், மூலைல ரெண்டடி ரெண்டு தடவை வருது, கழிச்சா 16 அடி நீளம். மேடைக்கு கீழ கதவு உயரம் ரெண்டேகால் அடி சொச்சம், அதாவது 37 சதுர அடி. ஜன்னலும் சிம்னியும் போக மேல பெட்டி ஒரு ஒன்பது அடி நீளம், ரெண்டடி உயரம், 18 சதுர அடி. பரணுக்கு கதவு 16க்கு ரெண்டு, 32. மொத்தம் 87. 1,350ஆல பெருக்கினா 1,17,450. அடடா ரெண்டு லட்சத்துல பாதி தானேன்னு தோணும். அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 1,38,591. டிராயர், பாஸ்கெட், சாஃப்ட் குளோஸ் எல்லாம் "ஆக்சஸரீஸ் தனி"ன்னு அடியில சின்ன எழுத்துல இருக்கு பாருங்க, அங்கதான் கதை. மேடை கல்லும் சிங்க்கும் அதுல இல்லவே இல்ல. அவங்க ஏமாத்தறாங்கன்னு நான் சொல்ல வரலை, மூணு கொட்டேஷனும் மூணு பாஷைல இருக்கு, ஒரே பாஷைக்கு மாத்தாம ஒப்பிட்டா தலை சுத்தத்தான் செய்யும்.

இப்ப மாமியார் பக்கம். கடப்பாக்கல் நிறுத்தி, அதுக்கு மேல மேடை போட்டு, உள்ள கல்லுலயே தட்டு வச்சு கட்டறது நம்ம ஊர்ல பழைய முறை. கரையான் தின்னாது, தண்ணி பட்டா உப்பாது, சிங்க் ஒழுகினாலும் துடைச்சு விட்டா போச்சு. காவிரிப் பாசன மண்ணு, ஈரம் இருக்கற ஊரு உங்களது, அதுக்கு இதைவிட நல்ல உள் பெட்டி நான் சொல்ல மாட்டேன். மெரைன் ப்ளைன்னா கரையான் வராதுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க, மெரைனுங்கற பேரு முக்கியமா சொல்றது அதுல போடற பசை தண்ணிக்கு தாங்கும்ங்கறதை, கரையானுக்கு மருந்து ஏத்தியிருக்கான்னு தனியா கேட்டுக்கங்க.

ஆனா கல்லுக்கு ரெண்டு குறை இருக்கு, மாமியார்கிட்ட பக்குவமா சொல்லுங்க. கல்லு ஒவ்வொண்ணும் ஒரு இன்ச்சுக்கு மேல தடிமன், அதனால உள் இடம் கொஞ்சம் போகும். அதைவிட பெருசு, கல்லுல டிராயர் ஒழுங்கா உக்காராது. சேனல் ஓடணும்னா ரெண்டு பக்கமும் ஒரே நேரா, மட்டமா இருக்கணும், கொத்தனார் நிறுத்தற கல்லுல மேல கீழ அரை இன்ச் வித்தியாசம் சர்வசாதாரணம். பழைய வீட்டு கல் மேடைக்கு கீழ குனிஞ்சு முட்டி போட்டு பின்னாடி இருக்கற டப்பாவை துழாவறாங்க பாருங்க, 60 வயசுக்கு மேல அது முடியாதும்மா. டிராயர்ங்கறது ஸ்டைல் இல்ல, முதுகுக்கும் முட்டிக்கும் பண்ற உபகாரம். முக்கியமா உங்க மாமியாருக்கு.

அதனால நான் சொல்றது இதுதான். சிங்க் கீழ, மூலை, சிலிண்டர் இடம், பெரிய பாத்திரம் வைக்கற இடம், இங்க எல்லாம் கடப்பாக்கல். அடுப்புக்கு பக்கத்துல ஒரு ஆறு அடி நீளத்தை மட்டும் கல்லே நிறுத்தாம காலியா விடச் சொல்லுங்க, அங்க மூணு அடி டிராயர் பெட்டி ரெண்டு, ப்ளைவுட்ல செஞ்சு உள்ள தள்ளிக்கலாம். மேல கிரானைட் தொங்காம இருக்க நடுவுல ஒரு இடத்துல தாங்கல் வேணும், அதை மேஸ்திரி கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இரும்பு ஆங்கிள் குடுப்பார். கல் பகுதிக்கு முன்னாடி கதவு மாட்டறதுக்கு ப்ளை பட்டி இல்லன்னா அலுமினிய ஃபிரேம் அடிச்சு அதுல ஹிஞ்ச் போடணும், நேரா கல்லுல துளை போட்டு ஹிஞ்ச் மாட்டினா ஆறு மாசத்துல ஆடும். தரைல நாலு இன்ச் திண்டு கட்டி அதுக்கு மேல தான் எல்லாம் உக்காரணும். ஷோரூம்ல பிளாஸ்டிக் கால் வச்சு முன்னாடி ஒரு பட்டி சொருகுவாங்க, சுத்தம் பண்ண ஈஸின்னு சொல்வாங்க, நம்ம வீடுகள்ல தண்ணி ஊத்தி கழுவற பழக்கத்துக்கும் கரப்பான் பூச்சிக்கும் கட்டின திண்டு தான் சரி.

மேடை மேல கல்லு மட்டும் கடப்பா வேணாம். அது சுண்ணாம்புக் கல் ஜாதி, எலுமிச்சை, புளி, மோர் பட்டா வெள்ளையா தடம் விழும். மேடைக்கு கருப்பு கிரானைட். பிளாக் கேலக்ஸின்னு மின்னற கல்லு ஆந்திராவுல சீமகுர்த்திலேருந்து வருது, விலை கூட, அழகு. சாதா கருப்பு கிருஷ்ணகிரி பக்கத்து கல்லே போதும், உழைப்புல குறை இல்ல. வெள்ளை கல்லு ஆசை இருந்தா சொல்லிடறேன், காஷ்மீர் ஒயிட்னு பேரு, எங்க மதுரை மேலூர் பக்கத்து கல்லு, பாக்க பிரமாதம், மஞ்சத்தூள் கொட்டினா கதை முடிஞ்சுது, உறிஞ்சிக்கும். குவார்ட்ஸ் கல்லுல ரெசின் கலந்திருக்கு, தாளிச்ச கடாயை அப்படியே இறக்கி வைக்கற வீட்டுக்கு அது லாயக்கு இல்ல. கருப்பு கல்லுல போர் தண்ணி உப்பு வெள்ளையா தெரியும், அது உண்மை, ராத்திரி துடைச்சு விட்டுட்டு படுக்கணும், அவ்வளவு தான்.

மேடை உயரம் நிறைய வீட்ல யாருமே கேக்காம கொத்தனார் இஷ்டத்துக்கு வைக்கறது. நீங்க நின்னு கையை மடக்குங்க, முழங்கைக்கு கீழ அஞ்சு இன்ச் தான் உங்க உயரம். நீங்க அஞ்சடி நாலு, மாமியார் நாலு பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க, உங்களுக்கு 35 இன்ச் வரும், அவங்களுக்கு 32. யார் தினமும் அதிக நேரம் நிக்கறாங்களோ அவங்க பக்கம் சாயுங்க, நீங்க எட்டு மணிக்கு கிளம்பிடறீங்கன்னா 33 வைங்க. அடுப்பு மேடை மேல உக்கார்ற மாடல்னா அதுவே நாலஞ்சு இன்ச் ஏறும், அதுக்கு மேல குக்கர், உள்ள என்ன வேகுதுன்னு எட்டிப் பாக்கற நிலைமை வரக்கூடாது. இதுல ஒரு இன்ச் தப்பினாலும் இருபது வருஷம் தோள்பட்டை வலி, கதவு கலர்ல தப்பினா ஒண்ணும் ஆகாது, ஆனா பாருங்க எல்லாரும் கலருக்கு தான் மூணு நாள் உக்காந்து சண்டை போடறாங்க.

ப்ளைவுட் வாங்கறது பத்தி. ஆசாரி சாமான் வாங்கித் தரச் சொல்றது ஒரு வகைல நல்லது, எதுக்கு காசு குடுக்கறோம்னு தெரியும். கடைல போய் "மெரைன் ப்ளை"ன்னு மட்டும் கேக்காதீங்க, அந்த வார்த்தையை யார் வேணா அச்சடிக்கலாம். ஐஎஸ் 710ன்னு, இந்திய தர எண்ணைச் சொல்லி கேளுங்க. அது 72 மணி நேரம் கொதிக்கற தண்ணில போட்டு சோதிக்கற தரம். அதுக்கு கீழ ஐஎஸ் 303ல பிடபிள்யூஆர்னு ஒண்ணு, கொதிக்கற தண்ணிக்கு ஓரளவு தாங்கறது, மேல் பெட்டிக்கும் பரணுக்கும் அது தாராளமா போதும். அதே 303ல எம்ஆர்னு, வெறும் ஈரக்காத்துக்கு மட்டும் தாங்கற இன்னொரு கிரேடு இருக்கு, அது கிச்சன் பக்கமே வரக்கூடாது. நம்பரு ஒண்ணா இருக்கறதால 303ன்னு ஸ்டாம்ப் பாத்துட்டு ஏமாந்துடாதீங்க, கிரேடையும் பாருங்க. ஸ்டாம்ப்ல ஐஎஸ்ஐ முத்திரைக்கு கீழ சிஎம்/எல்னு ஒரு லைசென்ஸ் நம்பர் இருக்கும், போன்ல பிஐஎஸ் கேர்னு அரசாங்க ஆப் இருக்கு, அந்த நம்பரை அடிச்சா எந்த கம்பெனி, லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு காட்டிடும். கடைல நின்னுட்டே பண்ணலாம், கடைக்காரர் முகம் மாறுதான்னும் பாக்கலாம்.

எனக்கே ஒரு தழும்பு இருக்கு, சொல்லிடறேன். 2008ல சொந்த வீட்டு கிச்சன் பண்ணும்போது வேற ஒரு வேலைல மிஞ்சின எம்ஆர் ப்ளை நாலு ஷீட் கிடந்துச்சு, சிங்க் பெட்டி தானே யார் பாக்கப் போறாங்கன்னு அதுல அடிச்சுட்டேன். ரெண்டு மழைக்காலம் தாங்கலை. ஊருக்கே கிச்சன் பண்றவர் வீட்டு சிங்க் கதவு மூட மாட்டேங்குதுன்னு வீட்டம்மா இன்னைக்கு வரைக்கும் விசேஷ வீட்ல சொல்லி சிரிக்கறாங்க. உங்க ஆசாரியும் மிஞ்சினதை எங்கயாவது நுழைக்கப் பார்ப்பார், கெட்ட எண்ணம் இல்ல, பலகையை வீணாக்க மனசு வராது எங்க ஜாதிக்கு. ஷீட் வீட்டுக்கு வந்ததும் எண்ணி, ஒவ்வொண்ணுலயும் ஸ்டாம்பை போட்டோ எடுத்து வச்சுக்கங்க. ஓரத்துல வெட்டின துண்டு கையளவு ஒண்ணை எடுத்து பழைய பாத்திரத்துல நாலு மணி நேரம் கொதிக்க விட்டுப் பாருங்க, அடுக்கு பிரிஞ்சு புத்தகம் மாதிரி விரிஞ்சா அந்த ஷீட் திரும்பிப் போகட்டும்.

எச்டிஎச்எம்ஆர் போர்டு, அதாவது ஈரம் தாங்கற மாதிரி இறுக்கி அழுத்தின மரநார் பலகை, அதைப் பத்தி கேட்டிருந்தீங்க. நல்ல சரக்கு தான், கனமா, மட்டமா இருக்கும், கதவுக்கு போட்டா வளையாது, எம்டிஎஃப்பை விட ஈரத்துக்கு நல்லா தாங்கும். ஈரத்துக்கு தாங்கறதும் தண்ணிலயே கிடக்கறதும் வேற வேற, அதனால கதவுக்கு சரி, சிங்க் பெட்டிக்கு நான் போட மாட்டேன். பிவிசி போர்டு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி போர்டு நேர் எதிர். தண்ணிக்கும் கரையானுக்கும் அசையாது, ஆனா ஸ்க்ரூ பிடிப்பு கம்மி, நீளமா தட்டு வச்சா தொங்கும், அடுப்பு பக்கத்துல சூட்டுக்கு நெளியும். முழு கிச்சனும் பிவிசில பண்ணித் தரேன்னு வர்றவங்க கிட்ட ஒரு கும்பிடு. உங்க வீட்ல சிங்க் கீழ கதவுக்கு மட்டும் டபிள்யூபிசி போட்டு மேல மத்த கதவு மாதிரியே லேமினேட் ஒட்டிக்கங்க, வெளில பாத்தா வித்தியாசம் தெரியாது.

ஃபினிஷ் ஒரே வரில: ஒரு எம்எம் மேட் லேமினேட், முடிஞ்சுது. உள்பக்கம் 0.8 எம்எம் வெள்ளை. அக்ரிலிக் கதவுல எண்ணெய் கை பட்டா ரேகை எடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்கே குடுக்கலாம், அவ்வளவு தெளிவா தெரியும். மெம்பரேன் கதவு, அதாவது மேல பிவிசி தாள் ஒட்டினது, அடுப்பு பக்கத்துல சூட்டுல தோல் உரியும். கைப்பிடி இல்லாத கதவு போட்டோல நல்லா இருக்கும், மாவு கையோட அந்த பள்ளத்துல விரலை விட்டா அதை பல் குத்தற குச்சி வச்சு தான் சுத்தம் பண்ணணும். சாதா எஸ்எஸ் கைப்பிடி வாங்குங்க.

எட்ஜ் பேண்ட், அதாவது பலகையோட வெட்டின ஓரத்துல ஒட்டற பட்டி, அதை மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. பலகையோட முகம் வழியா தண்ணி போறது இல்ல, ஓரம் வழியா தான் போகும். ஆசாரி கையால பசை தடவி ஒட்டினா ரெண்டு மூணு வருஷத்துல அடுப்பு சூட்டுக்கு முனை எழும்பும். திருச்சில பேனல் அறுத்து மெஷின்ல எட்ஜ் பேண்ட் ஒட்டித் தர்ற இடம் இருக்கும், விசாரிங்க, நீள அடிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. அளவு குடுத்து அறுத்து, நாலு ஓரமும் ஒட்டி, வீட்டுக்கு கொண்டாந்து ஆசாரி கையால ஜோடிச்சா, ஷோரூம் சரக்குக்கும் உங்களோடதுக்கும் இருக்கற பெரிய வித்தியாசமே போயிடும். நாலு ஓரமும்னா கதவோட அடிப்பக்கமும் சேர்த்து. அது யாருக்கும் தெரியாதுன்னு விட்டுடுவாங்க, துடைக்கற தண்ணி வடிஞ்சு வந்து நிக்கறது அங்க தான்.

நகர்ற சாமானுக்கு வருவோம். ஹிஞ்ச், சேனல் ரெண்டும் பேரு உள்ள கம்பெனி, பில்லோட. ஹெட்டிச், ஹஃபேலே, எப்கோ, கோத்ரெஜ், எது உங்க ஊர்ல சர்வீஸ் கிடைக்குதோ அது. எல்லா டிராயரும் டேண்டம் பாக்ஸா, அதாவது ரெடிமேடா வர்ற இரும்புப் பக்கம் வச்ச டிராயரா இருக்க வேண்டியது இல்ல. நீங்க தினம் நூறு தடவை இழுக்கற ரெண்டுக்கு, கரண்டிக்கும் மளிகை டப்பாவுக்கும், டேண்டம் போடுங்க, மீதி நாலு ப்ளைவுட் டிராயர், நல்ல டெலஸ்கோப்பிக் சேனல், 45 கிலோ தாங்கறது, போதும். அரிசி சிப்பத்தை டிராயர்ல வைக்கணும்னு எழுதியிருந்தீங்க, வேணாம்மா. 2022ல 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்ட அரிசிக்கு வரி வந்தப்புறம் சிப்பம் 26 கிலோவா மாறிடுச்சு, அதை ஒரு டிராயர்ல இறக்கி தினம் இழுத்தா எந்த சேனலும் கெஞ்சும். கல் தட்டுக்கு கீழ சக்கரம் வச்ச டிரம்ல கொட்டி வைங்க.

கம்பி பாஸ்கெட் கம்மியா வாங்குங்க, தட்டுக்கு ஒண்ணு, டம்ளருக்கு ஒண்ணு. 304 கிரேடு எஸ்எஸ்னு பில்லுல எழுதி வாங்கணும். கடைல காந்தத்தை வச்சு ஒட்டலை பாருங்கன்னு காட்டுவாங்க, 202 கிரேடுலயும் காந்தம் அநேகமா ஒட்டாது, ஆனா அது ரெண்டு வருஷத்துல துருப்பிடிக்கும். அதனால காந்த வித்தையை நம்பாதீங்க. மூலைல இழுத்தா எல்லாம் வெளில வர்ற மேஜிக் கார்னர் உங்க கொட்டேஷன்ல 38,000ன்னு இருக்கு. அந்த மூலைல பொங்கல் பானை, முறுக்கு உழக்கு, பெரிய அண்டா, வருஷத்துக்கு நாலு தடவை எடுக்கறதை வைங்க, ஒரு சாதா கதவு போதும், அந்த காசுல உங்களுக்கு அத்தனை டிராயரும் வந்துடும்.

சிங்க் ரெண்டு தொட்டி வேணாம், பெரிய ஒத்தை தொட்டி, 24க்கு 18க்கு குறையாம, ஒரு எம்எம் தடிமன். இட்லிப் பானையும் அஞ்சு லிட்டர் குக்கரும் ரெண்டு தொட்டில ஒண்ணுலயும் உக்காராது.

சிலிண்டர் விஷயம் கொஞ்சம் கவனமா கேளுங்க. கேஸ் காத்தை விட கனம், ஒழுகினா கீழ தான் தேங்கும். கதவு போட்டு மூடினா அந்த கதவுல தரையோட ஒட்டி காத்து போற ஓட்டை கட்டாயம் வேணும், மேல ஜாலி வச்சு பிரயோஜனம் இல்ல. அதைவிட நல்லது, வீடு இன்னும் பூச்சுல தான் இருக்குங்கறதால சிலிண்டரை வெளிப்பக்கம் நிழல்ல நிமிர்த்தி வச்சு, சுவர்ல குழாய் விட்டு உள்ள கொண்டு வர்றது, ஏஜென்சில சொல்லி அவங்க ஆளை வச்சே பண்ணுங்க. ஆரஞ்சு ட்யூப் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், அதுல வருஷம் அச்சடிச்சிருக்கும். அடுப்பு அக்னி மூலைலன்னு மாமியார் கேக்கறாங்க, தென்கிழக்கு உங்க பிளான்ல எட்டடி சுவர்ல வருது, தாராளமா வைக்கலாம், ஜன்னலுக்கு நேர் கீழ மட்டும் வேணாம், காத்துல தீ அணையும். சிங்க்கும் அடுப்பும் ஒட்டாம நடுவுல மூணு அடி மேடை இருக்கட்டும், நறுக்கறது முழுக்க அங்க தான் நடக்கும், அந்த மூணு அடிக்கு நேர் கீழ டிராயர் வந்தா இன்னும் விசேஷம்.

கரண்ட் பாயிண்ட் எலக்ட்ரீஷியன் ரெண்டு தான் வைப்பார். மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன், ஃபிரிட்ஜ், வாட்டர் பியூரிஃபையர், சிம்னின்னு எண்ணுங்க, இண்டக்ஷனுக்கு 16 ஆம்ப் தனி. இன்னைக்கு பாத்திரம் கழுவற மெஷின் இல்லன்னாலும் சிங்க் பக்கத்துல ஒரு பாயிண்ட், ஒரு தண்ணி லைன், ஒரு வடிகால் விட்டு மூடி வைங்க. சிம்னிக்கு ஆறு இன்ச் ஓட்டை இப்பவே.

பணம் எங்க பக்கத்து நிலவரத்துல இப்படி வரும், உங்க ஊர்ல அஞ்சு பத்து முன்ன பின்ன இருக்கும்: கல் வேலை மேடையோட சேர்த்து 40,000, பலகையும் லேமினேட்டும் எட்ஜ் பேண்டும் 55,000, ஹிஞ்ச் சேனல் பாஸ்கெட் 30,000, சிங்க்கும் குழாயும் 12,000, ஆசாரி கூலி 48,000. கூட்டினா 1,85,000. மீதி பதினஞ்சை தொடாதீங்க, அது எதுக்கு போகும்னு இப்ப தெரியாது, ஆனா போகும். இழுத்துப் பிடிக்கணும்னா பரண் கதவை அடுத்த தீபாவளிக்கு தள்ளுங்க, அதுவரைக்கும் ஒரு திரைச்சீலை. ஹிஞ்ச்சுல மட்டும் குறைக்காதீங்க.

ஆசாரிக்கு கூலி மூணு தவணை, கடைசில ஒரு பத்து பர்சென்ட் கதவு எல்லாம் மாட்டி ஒரு மாசம் கழிச்சு. முதல் மாசத்துல கதவு கொஞ்சம் இறங்கும், திரும்ப வந்து ஸ்க்ரூ திருகி மட்டம் பண்ணணும், காசு பாக்கி இருந்தா தான் வருவார். நானும் அப்படித்தான், வெக்கப்படாம சொல்றேன். இன்னொண்ணு, சுவர்ல டைல்ஸ் ஒட்டி முடிச்சப்புறம் தான் மேல் பெட்டிக்கு அளவு எடுக்கணும். பூச்சு சுவர்ல எடுத்த அளவு டைல்ஸ் வந்தா ஒரு இன்ச் மாறும், அப்புறம் பெட்டியை இழைக்கறதா சுவரை இடிக்கறதான்னு நிக்கணும்.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை இருக்கு. இப்ப இருக்கற வீட்டு சமையல்கட்டுல உள்ள பாத்திரத்தை எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை தரைல பரப்புங்க, மாமியாரையும் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. தினம் எடுக்கறது, வாரத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு ஒரு தடவைன்னு மூணா பிரிச்சு, உயரமான பாத்திரத்தோட அளவை டேப் வச்சு எழுதுங்க. தினம் எடுக்கறது எவ்வளவு இருக்கோ அதுதான் டிராயர், மீதி கல்லு. அந்த பேப்பரையும், காலியா விடற ஆறடியை குறிச்ச பிளானையும், மேஸ்திரி கல் நிறுத்த வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை அனுப்பி வைங்க. ஃபிரிட்ஜ் எந்த சுவர்லன்னு எழுதலை நீங்க, கதவு எந்தப் பக்கம் திறக்கும்னும் சேர்த்து எழுதுங்க.